மூன்று மாலையும் ஏழு நாளும்

மார்ச் 4, செவ்வாய்

மருத்துவமனையின் மாலைப் பிரிவை மூடலாமா என்று இருபதாம் தேதி கூட்டத்தில் முடிவெடுக்கிறார்களாம். மூடச் சொல்லி அறிக்கை கொடுத்தவன் கணக்கு அதிகாரி. கிடைத்ததையெல்லாம் வெட்டுவதால் அவனுக்குக் கத்தரி என்று பெயர். நாளொன்றுக்குச் சராசரி பதினெட்டு நோயாளிதான் என்கிறான்.

புள்ளியியல் பிரிவில் நான் ஒருவன் இருப்பது இந்தக் கட்டடத்தில் யாருக்கும் நினைவிருப்பதில்லை. பதவி உயர்வின்போது நிச்சயம் இருப்பதில்லை. இன்று தலைமை மருத்துவருக்கு என் நினைவு வந்துவிட்டது. "சார், நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்." பார்க்கிறேன்.

மார்ச் 6

சிரித்த சிரிப்பில் தேநீர் மேசையெல்லாம் கொட்டிவிட்டது. மாலைப் பிரிவு வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். மகானுபாவன் ஏழால் வகுத்திருக்கிறான்! பூட்டிய கதவுக்கு நோயாளி வரவில்லையாம். திறந்திருக்கும் மாலைகளில் சராசரி நாற்பத்திரண்டு பேர். பாதிக்கு மேல் வேலை முடிந்து வருகிறவர்கள். பகலில் வரச் சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும்.

மார்ச் 13

என் பதில் அறிக்கை முடிந்தது. முப்பத்தோரு பக்கம். கத்தரி எழுந்திருக்கவே மாட்டான்.

மார்ச் 15

மாடியில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். பத்திரிகையில் செய்தி திருத்தி ஓய்வு பெற்றவள்.

"டேய், எட்டுப் பக்கம் படிச்சிட்டேன். அந்த ஆளு முட்டாள்னு நல்லா புரியுது. மாலைப் பிரிவை மூடணுமா, வேண்டாமா?"

"அது இருபத்தேழாம் பக்கத்துல வருது."

"அதுக்குள்ள மூடிட்டே போயிடுவாங்கடா!"

விருட்டென்று இறங்கி வந்துவிட்டேன். சராசரியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? — ஆனால் அவள் கேட்டது சராசரியைப் பற்றி இல்லையே.

மார்ச் 16

முதல் வரியே முடிவு: மூட வேண்டாம். அடுத்து காரணம், கூடவே ஒரே ஒரு படம். பிறகு தரவு எங்கிருந்து வந்தது, எப்படிக் கணக்கிட்டேன். கடைசியில் எனக்குத் தெரியாதது: மழைக்காலத்துக் கணக்கு கையில் இல்லை. அதையும் ஒளிக்காமல் எழுதினேன்.

கத்தரியைப் பற்றிய வரிகளை எடுக்கும்போதுதான் பல் பிடுங்கிய வலி. 'வகுத்தல் என்னும் ஆரம்பப் பள்ளி விவகாரத்தில்' என்று ஒரு வாக்கியம் தொடங்கும். வீணாகக் கூடாதென்று இங்கே குறித்து வைக்கிறேன்.

மிச்சம் ஆறு பக்கம்.

மார்ச் 20

கூட்டம். தலைமை மருத்துவர் முதல் பக்கத்தைப் படித்தார், படத்தைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார். அவன் எழுந்தான். என்ன கேட்டாலும் கொடுக்க என்னிடம் பதில் தயார்.

"ஏழால வகுத்தது நான்தான் மேடம். தப்பு." உட்கார்ந்துவிட்டான்.

என்ன மனிதன் இவன்! சண்டைக்குத் தயாராக வந்தவனை இப்படியா ஏமாற்றுவது?

மாலைப் பிரிவு தொடரும்.

ஏப்ரல் 9, புதன்

முழங்கால் வலி. மாலைப் பிரிவுக்குப் போனேன். உட்கார இடமில்லை. மூலையில் தன் அம்மாவோடு கத்தரி.

"என்னய்யா இவ்ளோ கூட்டம்? நாப்பத்திரண்டுன்னுதானே எழுதின?"

"சராசரிய்யா அது. சராசரின்னா—"

"தெரியும், தெரியும். மூணால வகுக்கணும். மழைக்காலக் கணக்குக்கு என்ன பண்ணப் போற, அதச் சொல்லு."

"ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்டை போடுங்கப்பா, தலை வலிக்குது" என்றார் அவன் அம்மா.

போனோம். உள்ளே என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை.