பாதி காலியான பாட்டில்

அப்பா,

இதை உங்கள் கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிறேன். அம்மா கண்ணில் படாது.

நாளை பத்து மணிக்கு வாசுதேவநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். எனக்கு பெங்களூரில் ஜூஸ் கம்பெனியில் வேலை என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். உங்களிடம் அப்படிச் சொன்னவள் நான்தான். ஜூஸ் இல்லை அப்பா, பீர். காய்ச்சுவதும் ருசி பார்ப்பதும் என் வேலை.

ஏழு வருடம் முன்பு, சாரல் சமயத்தில் பழைய குற்றாலம் போனோமே. அம்மாவுக்குத் தெரியாமல் இரண்டு பாட்டிலை ஈரத்துண்டில் சுற்றி ஓடைத் தண்ணீரில் நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனீர்கள். திரும்பி வந்தால் ஒன்று பாதி காலி. "ஏலே, ஒனக்கு அம்புட்டு தைரியமாலே?" என்று டிரைவர் இசக்கி அண்ணனை அறைந்தீர்கள். "நான் தொடலை அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பாறையில் தட்டி மூடியைத் திறந்தது நான். முதல் வாயைத் துப்பிவிட்டேன். இரண்டாவதில், கசப்புக்குப் பின்னால் வறுத்த தானியத்தின் வாசம் வந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

இன்று காலை மேலகரம் போய் இசக்கி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஒங்கப்பாட்ட சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

நாளை "பிள்ளை என்ன வேலை பாக்கா?" என்று அவர்கள் கேட்டால், நானே பதில் சொல்வேன். அதற்கு முன் நீங்கள் ஒரு தடவை மேலகரம் போய்விட்டு வாருங்கள். ஒன்பது மணி வரை அவர் வீட்டில்தான் இருப்பார்.

அன்றைக்கு வாயைத் திறக்காமல் நின்ற
உங்கள் மகள்