அரைஞாணோடு போன ஜமீன்தார்

இன்று காலை அணைக்கட்டுக்குக் கீழே இறங்கும்போது என் காலடியில் ஓர் அத்திப்பழம் நசுங்கியது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, "இந்த மனுசன் இன்னும் வரலையே" என்பதுதான். ஓய், நீர் கண்ணை மூடிச் சில சாரல் காலம் ஆகிவிட்டது. என் மூக்குக்கு மட்டும் அந்தத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

குற்றாலத்தில் சீசன் அமோகம் ஓய். மலையில் மேகம் படுத்துக் குறட்டை விடுகிறது. சிற்றாறு நம் அணைக்கட்டைத் தாண்டி, வெள்ளை வேட்டியை உதறிப் போட்டாற்போல விழுகிறது. கீழே கசம், நம் ஆழமான மடு, அப்படியே கிடக்கிறது. அத்திமரமும் அதன்மேல் சாய்ந்தபடியே நிற்கிறது. நீர் வழக்கமாக நின்ற பாறை மட்டும் தண்ணீருக்கு வெளியே மொட்டைத்தலையை நீட்டிக்கொண்டு யாரையோ தேடுகிறது.

நம் ஜமீன்தாரைப் பற்றி என் மருமக்கமாரிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். "மாமா, போன வருசம் சொன்னப்ப அந்த மீனு இம்புட்டு நீளம் இல்லையே" என்கிறான் மூத்தவன். மீன் வளராதா? கேட்கிறான் பாரும் கேள்வி! சர்க்கார் நாட்டிலுள்ள ஜமீன்களையெல்லாம் ஒழித்த சமயம் அது. ஒழிக்க முடியாத ஒரே ஜமீன் நம் கசத்துக்குள் இருந்தது. அந்தக் கெண்டை வாயைத் திறந்தால் ஆலங்குளம் பஸ் உள்ளே போய்த் திரும்பி வரலாம். அது தும்மினால் வீரகேரளம்புதூரில் கரை உடையும். அதன் செதில் ஒன்றில் இரண்டு பேருக்குச் சோறு பரிமாறலாம். இதில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை என்பதற்கு ஒரே சாட்சி நீர். நீர் பாட்டுக்குப் போய்விட்டீர்.

கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்களை நீர் ஆளாகவே மதித்ததில்லை. "ஒக்காந்து பிடிக்கதுக்கு இது என்ன மூட்டைப்பூச்சியாவே?" என்பீர். வேட்டியை அவிழ்த்துப் பாறையில் வைத்துவிட்டு, கோவணத்தோடு இடுப்பளவு ஓட்டத்தில் இறங்கி, கால்விரலால் தரையைத் தடவித் தடவி நடப்பீர். உருளைக்கல் எது, வழுக்குப்பாறை எது என்று உம் பாதத்துக்குத் தெரியும். தண்ணீரின் இழுப்பு முட்டியில் மாறினால் மீன் எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பி நிற்கிறது என்று சொல்லிவிடுவீர். உம் பின்னால் நான் நடுங்கிக்கொண்டு வருவேன். உமக்கு இடுப்பளவு என்றால் எனக்கு நெஞ்சளவு. அந்த அநியாயத்தை ஆண்டவனிடம் இப்போதாவது நேரில் கேட்டீரா இல்லையா?

அப்போதுதான் முத்தையா வந்தான். கல்லுடைக்கிற இடத்தில் வெடி வைக்கிறவன். கீழே இரண்டு வளைவு தள்ளியிருந்த கசத்தில் அவன் போட்ட ஒரே வெடியை நாம் இருவரும் பார்த்தோம். தண்ணீர் பனைமர உயரம் எழுந்து விழுந்தது. பிறகு வயிறும் வயிறுமாக, வெள்ளை வெள்ளையாக மிதந்தது ஆறு. நகக்கண் அளவு குஞ்சுகூட மிச்சமில்லை. அடுத்த சாரலுக்கு அங்கே தவளைகூடக் கத்தவில்லை. நீர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. நீர் பேசாமல் இருந்த ஒரே நாள் அதுதான். உம் வீட்டம்மா பயந்துபோய் எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

அவனுடைய அடுத்த குறி நம் கசம். சீசனுக்கு வந்து பங்களாக்களில் தங்குகிறவர்கள் மீன் கேட்கிறார்களாம். தென்காசி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் நீர் அவனை மறித்தீர்.

"முத்தையா, ஆடி அமாவாசைக்குள்ள அந்த ஜமீன்தாரத் தூண்டில்ல பிடிச்சுக் காட்டுதேன். காட்டிட்டா அந்தக் கசத்துல நீ வெடி போடக் கூடாது. என்னைக்கும்."

"பிடிக்கலேன்னா?"

"அமாவாசைக்கு முந்தின நாள் நான் வெறுங்கையோட கரையேறினா, பெறவு நீ என்ன வேணும்னாலும் போட்டுக்கோ. நான் குறுக்க வரமாட்டேன்."

"பத்துப் பேரு கேட்டாச்சு அண்ணாச்சி. அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"பேச்சு மாறுனா இந்த மீசைய எடுத்துக்கோலே."

உம் வீட்டில் அண்ணன்மார் இருவரும் போலீசில் இருந்தார்கள். உமக்கு இருந்தது வயலும் மீசையும்தான். மீசைக்குத்தான் பராமரிப்பு அதிகம். அதை அடகு வைத்துவிட்டீர் என்றதும் ஊரே உஷாராகிவிட்டது.

ஜமீன்தாருக்கு நாம் வைத்த விருந்துகளை நினைத்தால் இப்போதும் பசிக்கிறது. மண்புழு போட்டோம், திரும்பிப் பார்க்கவில்லை. பெருங்காயம் போட்டுப் பிசைந்த மாவு வைத்தோம், முகர்ந்துவிட்டுப் போய்விட்டார். லாலா கடை அல்வாவை நெய் சொட்டச் சொட்ட வைத்தோம். அல்வாவைத் தின்றுவிட்டுத் தூண்டில் முள்ளைப் பளபளவென்று கழுவித் திருப்பி அனுப்பினார். நான் கோபத்தில் மீதி அல்வாவைத் தின்றேன்.

நீர் மட்டும் சளைக்கவில்லை. ஒரு முழுப்பகல் கழுத்தளவுத் தண்ணீரில் அசையாமல் நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர். பழம் விழும், ‘ப்ளக்’ என்று. அடுத்த மூச்சில் அந்த இடத்தில் ஒரு சுழிப்பு. "வே, அவரு வாசத்துக்கு வரல, சத்தத்துக்கு வாராரு" என்றீர். அன்றோடு அல்வாச் செலவு நின்றது. அத்திப்பழத்தை முள்ளில் கோத்து, அண்ணாந்து எறிந்து, மரத்திலிருந்து விழுவதுபோல் விழ வைக்கப் பழகினீர். ஜமீன்தார் இரண்டு முறை பிடித்தார். இரண்டு முறையும் மூங்கில் கம்பு முருங்கைக்காய் மாதிரி ஒடிந்தது.

அந்தத் தோல்வியிலிருந்துதான் உமக்கு அந்த மகத்தான யோசனை பிறந்தது. உம் குடும்பத்து ஆண்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிராது.

"கம்புதானேவே ஒடியுது? என் இடுப்பு ஒடியுமா?"

தூண்டில் கயிற்றின் அடி நுனியை உம் வெள்ளி அரைஞாணில் கட்டினீர். பாட்டனார் காலத்து அரைஞாண், யானையையும் தாங்கும் என்றீர். யானையைத் தாங்குமா என்பது வேறு. அதில்தான் உம் கோவணமும் தாங்கி நிற்கிறது என்று நான் சொன்னேன். நீர் காதில் வாங்கவில்லை.

கடைசி நாள். கரையில் தேர்த்திருவிழாக் கூட்டம். ஒரு ஓரத்தில் பெண்கள் துணி துவைக்கிறார்கள். முத்தையா மஞ்சள் பையோடு பாறையில் உட்கார்ந்திருக்கிறான். பைக்குள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நீர் பழத்தை எறிந்தீர். ‘ப்ளக்.’ அப்புறம் நீர் நின்ற இடத்தில் நீர் இல்லை.

கசத்தை ஜமீன்தார் உம்மை இழுத்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினார். சத்தியமாக மூன்று. நெல்லையப்பர் தேர்கூட அவ்வளவு வேகமாக ஓடாது. உம் தலை ஒரு இடத்தில் எழும்பும், "விடமாட்டேன்லே!" என்று கேட்கும், முங்கிவிடும். இன்னொரு இடத்தில் எழும்பும், அதே வசனம். பிறகு அரைஞாண் ‘டங்’ என்று அறுந்தது. நீர் பாறையோரம் எழுந்து நின்றீர். ஜமீன்தார் அத்திப்பழம், முள், கயிறு, வெள்ளி அரைஞாண், உம் கோவணம் ஆகிய சகல பரிவாரங்களோடும் கசத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் தோள்கள் குலுங்கின. ஒரு ஆச்சி மட்டும் திரும்பாமலே கத்தினாள்: "ஏய்யா, இந்தச் சேலையக் கட்டிக்கிட்டாவது ஏறி வாயேன்!"

முத்தையா எழுந்தான். "மீனு போயிட்டு அண்ணாச்சி. ஏறி வாரும். ஆட்டம் முடிஞ்சுது."

நீர் இடுப்பளவுத் தண்ணீரில் அசையாமல் நின்றீர். "எப்படிலே முடியும்? வெறுங்கையோட கரையேறினாத்தானே தோல்வி? நான் எங்க கரையேறினேன்?"

"அப்ப அங்கனயேவா நிப்பேரு?"

"நிக்கேன். இன்னும் ஒண்ணு கேட்டுக்கோ. என் பாட்டன் வெள்ளி அவரு வயித்துல கிடக்கு. வெடியப் போட்டு மீன எடுத்தீன்னா திருட்டுக் கேசு. எங்க அண்ணனுக்குத் தாக்கல் சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினீர். "ஓய், வேடிக்கை பாத்தது போதும். இன்னொரு கயிறு கொண்டாரும்!"

நான் மிச்சமிருந்த கம்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். நீர் மறுபடி பழத்தை எறிந்தீர். ஜமீன்தார் வரவில்லை. மேற்கே மலை கறுத்தது. தண்ணீரின் நிறம் முதலில் மாறியது, கடுங்காப்பி மாதிரி. பிறகு சருகு வந்தது. பிறகு குளிர். எனக்குப் பல் தந்தியடித்தது.

"மலைத்தண்ணி வருது, ஏறுங்கய்யா!" என்று ஆச்சி அலறினாள். இந்த முறை திரும்பியே அலறினாள்.

உம் இடுப்பில் இருந்த தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. எனக்கு எங்கே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். "வே, ஏறிருவோம்" என்றேன்.

"நீரு ஏறும்" என்றீர். "நான் ஏறினா நாளைக்கு இந்தக் கசத்துல தவளைகூடக் கத்தாது."

அதில் விளையாட்டு இல்லை ஓய். உம் குரல் எனக்குத் தெரியும். நான் ஏறவில்லை. உம் தோளைப் பிடித்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு நான் உம்மைக் காப்பாற்றுவதுபோல் தெரிந்திருக்கும். உண்மையில் தொங்கிக்கொண்டிருந்தேன்.

முத்தையா கரையில் அங்கும் இங்கும் ஓடினான். மஞ்சள் பையைப் பாறைமேல் வீசினான். "அண்ணாச்சி, உம்ம காலப் பிடிக்கேன், ஏறி வாருமய்யா! உம்ம கயிறு தண்ணியில கிடக்கிற வரைக்கும் நான் இந்தக் கசத்துல வெடி போடமாட்டேன். எங்க சொடலைமாடன் மேல சத்தியம்!"

"இன்னொருக்கச் சொல்லு."

சொன்னான், அழுதுகொண்டே. நீர் என்னிடம், "கயிறு தண்ணியில கிடக்கிற வரைக்கும். நல்லாக் கேட்டுக்கிட்டீரா?" என்றீர். நின்று நிதானமாகக் கம்பைப் பாறை இடுக்கில் குத்தி, கயிற்றை ஓட்டத்தில் விட்டீர். அப்புறம்தான் நகர்ந்தீர். முத்தையாவே தண்ணீருக்குள் இறங்கிவந்து தன் துண்டை உம் இடுப்பில் சுற்றினான். மீசைக்குச் சேதமில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கம்பு அங்கே இல்லாத நாளே கிடையாது. வெள்ளம் ஒன்றைப் பிடுங்கினால் நீர் இன்னொன்றை நட்டீர். ஜமீன்தாரை அப்புறம் பார்த்தோம், பார்க்கவில்லை என்று நமக்குள் எவ்வளவு சண்டை! கீழே செத்துக் கிடந்த கசத்துக்கும் இங்கிருந்து குஞ்சுகள் இறங்கின. அங்கே தவளை கத்துகிறது என்று ஓடிவந்து சொன்னவனே முத்தையாதான்.

உம்மைத் தீயில் வைத்துவிட்டு வந்த அன்று எல்லோரும் இங்கேதான் முழுக்குப் போட்டோம். மற்றவர்கள் ஈரத்தைப் பிழிந்துகொண்டு ஏறினார்கள். முத்தையா கம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பாவம், வெடி போடச் சொல்லி அவன் ஆட்கள் அவனை அரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஆளே போயாச்சு. இனிமே அந்த ஆட்டம்...?"

"கயிறு எங்கவே கிடக்கு?" என்றேன்.

"தண்ணியில."

"பெறவு என்ன கேள்வி?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினான். நான் ஏறவில்லை. கம்பு கொஞ்சம் ஆடிப்போயிருந்தது. அதைச் சரியாகக் குத்தி நிறுத்திவிட்டு வர நேரமாகிவிட்டது.

இப்போது எனக்கு இளைப்பு. குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கவே கூடாது என்கிறார் டாக்டர். என் வீட்டுக்காரி கம்பு, கயிறு என்று வேட்டியைத் தவிர எல்லாவற்றையும் ஒளித்து வைக்கிறாள். டாக்டருக்குத் தூண்டிலைப் பற்றி என்ன தெரியும்? இன்று காலையும் இறங்கினேன். ராத்திரி வெள்ளம் கம்பைக் கொண்டுபோயிருந்தது. கரையில் யாரோ புது ஆட்கள் இரண்டு பேர் ஒரு பையோடு நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே உம் பாறைக்கு நடந்தேன், கால்விரலால் தடவித் தடவி. புதுக் கம்பை நட்டேன். அத்திப்பழத்தை அண்ணாந்து எறிந்தேன். உம் அளவுக்கு வராது. ஆனாலும் ‘ப்ளக்’ என்றுதான் விழுந்தது. அவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

கம்பை வெள்ளம் கொண்டுபோகிறதே, கயிற்றுக்கு என்ன உத்தரவாதம் என்று கேட்பீர். அதற்கும் வழி செய்திருக்கிறேன். தண்ணீரில் நிற்கிற நேரமெல்லாம் கயிற்றின் அடி நுனி என் அரைஞாணில்தான் இருக்கிறது. உம் யோசனையில் ஒரே ஒரு திருத்தம்: அரைஞாண் போனாலும் மானத்தோடு கரையேற, தலையில் ஒரு துண்டு கட்டியிருக்கிறேன்.