எட்டுத் தொட்டிகளும் ஒரு கையெழுத்தும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் என்று எதிலும் மாட்டாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே நான், உன் அண்ணன், அண்ணி மூவரும் சௌக்கியம். என் சௌக்கியத்துக்குக் குறைச்சலே இல்லை, அதைக் கவனிப்பதற்கென்றே வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள், போதாததற்கு வாசலில் ஒரு கேமராவும் இருக்கிறது. வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் தாளையும் பேனாவையும் எடுத்தார் என்று நீ பதறியிருப்பாய். அப்பாவுக்குக் காது மந்தம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள் கண்ணு, அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா, மாத்திரை போட்டேம்மா" என்பதைத் தவிர வேறெந்தப் பேச்சும் வாயில் வருவதில்லை. சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் நீ அனுப்பிய விதையின் கதையைச் சொல்கிறேன், இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது.

உன் பொட்டலம் வந்ததும் விதையைப் பத்திரமாக என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தேன். காலெண்டுலாப் பூவின் விதையை நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா தெரியவில்லை, பழுப்பாக, வளைந்து, முதுகில் முள்ளு முள்ளாக, செத்துக் காய்ந்த கம்பளிப்பூச்சி மாதிரியே இருக்கிறது. உன் அண்ணி கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கலாம் என்று கூட்டைத் திறந்தவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரரே எட்டிப் பார்த்தார். "மாமா, இத்தனை பூச்சியோட எப்படித்தான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இருந்தீங்க" என்று ஒரே அழுகை, விதை அத்தனையும் குப்பைக்கூடையில், கூட்டை வெந்நீரில் கழுவிக் காயவைத்தாயிற்று, மறுநாள் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதாகவும் முடிவாகிவிட்டது. நான் குப்பைக்கூடை முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து வெங்காயத் தோலுக்குள்ளும் டீத்தூளுக்குள்ளும் துழாவிப் பதின்மூன்று விதையை மீட்டேன். அன்றைக்குத்தான் இந்த வீட்டுக்கு வந்து பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஒரு வேலை இருந்தது.

தயிர் டப்பாக்களில் ஆணியைச் சுடவைத்து ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விரல்நகம் மறையும் ஆழத்துக்கு ஒவ்வொரு விதையாக வைத்து மூடினேன். வெளிச்சம் பட்டால் முளைக்க அடம் பிடிக்கும் என்று பொட்டலத்தில் போட்டிருந்ததால் மேலே பழைய செய்தித்தாளையும் விரித்துவைத்தேன். எட்டாம் நாள் பேப்பரைத் தூக்கினால் மண்ணை முட்டிக்கொண்டு ஒன்பது பேர் நிற்கிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல, உன் அம்மா இருந்திருந்தால் இதுக்கு இவ்வளவு ஆட்டமா என்றிருப்பாள். ஒன்றை நத்தை தின்றுவிட்டது, மிச்சம் எட்டு. மதில் ஓரத்தில் பாதி நாளுக்குமேல் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஒரு முழ இடைவெளியில் நட்டு, நான்கைந்து இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டேன், அப்போதுதான் பக்கக் கிளை வரும். முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்தவனுக்குக் கை சும்மா இருக்குமா, தினமும் காலையில் ஸ்கேலை எடுத்துப்போய் எட்டுச் செடிக்கும் ரீடிங் எடுத்து, நேற்றைய ரீடிங்கைக் கழித்து நோட்டில் எழுதி வைத்தேன்.

அதற்குத்தான் கண் பட்டது. ரத்தப் பரிசோதனைக்கு உன் அண்ணன் என்னைக் கூட்டிப்போய்த் திரும்பிய அன்று என் அறைக்குள் நுழைந்தால் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக எட்டுத் தொட்டி. நான் இல்லாத நேரத்தில் உன் அண்ணி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வேர் அறுபடாமல் ஒவ்வொன்றாகத் தோண்டித் தொட்டிக்கு மாற்றியிருக்கிறாள், கை நகத்தில் எல்லாம் மண். "இனிமே நீங்க அந்த மூணு படி இறங்க வேண்டாம் மாமா, கட்டில்ல இருந்தே பாத்துக்கலாம்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும், ரொம்ப நல்லதும்மா என்றேன். ஒரு வாரத்தில் என் நோட்டில் ரீடிங் குபுகுபுவென்று ஏறியது, ஒரே நாளில் மூன்று சென்டிமீட்டர், நான்கு சென்டிமீட்டர். உன் அண்ணன் நோட்டைப் பார்த்துவிட்டு "பாத்தீங்களா, உள்ள வந்ததும் எப்படி வளருது" என்று பூரித்துப்போனான். எனக்கோ சந்தேகம் தட்டியது. மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்றால் அந்த வீட்டில் வெளிச்சம் பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை அம்மா, எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கிட்டே போய்ப் பார்த்தால் தண்டு நூலாக இளைத்து, இலை வெளிறி, எட்டும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தெருவைப் பார்த்துக் கிடக்கின்றன. நானும் அவற்றுக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து அதே தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபிறகு ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வைக்கலாம் என்று இரண்டாவது படியில் காலை வைத்தேன். சுவர் பேசியது. "அப்பா, கையில வெயிட்டோட படி இறங்காதீங்க, உள்ள போங்க" என்று உன் அண்ணன் அலுவலகத்திலிருந்து கேமரா வழியாகச் சொல்கிறான். இன்சூரன்ஸ் கம்பெனியில் நாள் முழுக்க யாருக்கு என்ன ஆபத்து வரும் என்று கணக்குப் போடுகிறவன், வீட்டுக்கு வந்து மட்டும் சும்மா இருப்பானா. நான் தொட்டியோடு அப்படியே திரும்பி உள்ளே வந்துவிட்டேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வாசல் ஏறி இறங்கிய மனுஷன், குரைக்கிற நாய்க்கெல்லாம் பிஸ்கட் போட்டுச் சிநேகம் பிடித்துக்கொண்டு போனவன், சொந்தப் பிள்ளையின் குரலுக்குப் பயந்து உள்ளே வந்தேன் என்பதை நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது. நடுரோட்டில் ஒரே ஒரு தடவை தலைசுற்றி உட்கார்ந்தேன், அதுவும் காலையில் சாப்பிடாமல் கிளம்பியதால், அதற்காக என்னை இங்கே கூட்டிவந்து இன்னும் எத்தனை வருஷம் இப்படி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் பூ மலர்ந்த அன்று உனக்கு ஒரு படம் அனுப்பினார்களே, ஆரஞ்சு நிறப் பூவுக்குப் பக்கத்தில் நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன், நீகூட "அப்பா எவ்ளோ சந்தோஷமா இருக்கார்" என்று எழுதியிருந்தாய். அந்தச் சிரிப்பு பொய்யில்லை, அத்தனை நோஞ்சான் செடியிலும் ஒன்று பூத்துவிட்டதே என்று நிஜமாகவே பூரித்துப்போயிருந்தேன். படம் எடுத்து முடித்த கையோடு உன் அண்ணன் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நம் பழைய வீட்டை விற்பதற்குச் சம்மதம். வீடு உன் அம்மா பெயரில் இருப்பதால் நாம் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "பூட்டியே கிடக்குது, ஓடு வேற உடைஞ்சுபோச்சு, நீங்கதான் இங்கயே இருக்கப் போறீங்களேப்பா" என்றான். அவன் பணத்துக்கு ஆசைப்படுகிறவன் இல்லை, அப்படி ஒருநாளும் நினைத்துவிடாதே. அண்ணி இனிப்பு செய்து தட்டில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவன் பேனா மூடியைக் கழற்றி நீட்டுகிறான், எல்லோர் முகத்திலும் அந்தப் பூவைப் பார்த்த சந்தோஷம். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டுவிட்டேன். போட்டு முடித்து இனிப்பையும் தின்றேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அது பெரிய மாளிகை இல்லை, இரண்டு அறை, பின்னால் குழாயடிக்கும் மதிலுக்கும் நடுவில் பத்தடி மண், அவ்வளவுதான். ஆனால் அங்கே நான் எந்த நேரத்துக்கு எழுந்தாலும் எங்கே போனாலும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அது கைவிட்டுப் போனால் இந்த ஜன்னலை விட்டால் எனக்குப் போக வேறு இடம் கிடையாது. நம் பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுத் தச்சர் இரண்டு நாளாக இங்கே சமையலறை அலமாரி போட வருகிறார், இதை எழுதும்போதுகூட அந்தப் பக்கம் ரம்பம் ஓடுகிறது. அவரிடம்தான் மனம் விட்டுச் சொன்னேன். "நீங்க வாங்கண்ணே, உடைஞ்ச ஓடெல்லாம் நான் மாத்தித் தர்றேன், காலையில கடைக்குப் போகுமுன்னால உங்க கதவத் தட்டிட்டுத்தான் போவேன், சத்தம் வரலைன்னா உடைச்சிட்டு வர்றேன், கதவு நான் செஞ்சதுதானே" என்றார். இந்தக் கடிதத்தை அவர்தான் சட்டைப்பையில் வைத்துக் கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கப் போகிறார்.

நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். இதை அண்ணனிடம் நேராகச் சொல்லலாமே அப்பா என்பாய். சொல்வேன், நான்தான் சொல்ல வேண்டும், நீ முந்திக்கொண்டு அவனைத் திட்டிவைக்காதே. திட்டினால் அவர்கள் இரண்டு பேரும் முகம் வாடி உட்கார்ந்துவிடுவார்கள், நான் அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காக இங்கேயே இருந்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியாதா. இங்கே யாராவது என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்றைக்கோ கிளம்பியிருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன மாதம் போனில் நீ "அப்பா அங்க இருக்கறதாலதான் இங்க எனக்கு நிம்மதியாத் தூக்கம் வருது" என்றாய். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு வெளியே போகிற வழி நிஜமாகவே அடைபட்டமாதிரி ஆகிவிட்டது. உன் அண்ணன் பூட்டியதை நான் திறந்துவிடுவேன், நீ தூங்குவதை நான் எப்படிக் கெடுப்பேன். இருந்தாலும் இன்று கெடுக்கத்தான் எழுதுகிறேன்.

தாள் அடுத்த வாரம் உனக்கு வந்து சேரும். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே உன் பெயருக்கு நேராகப் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருப்பான். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடு.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காலில் உறை போட்டுக்கொள், மாப்பிள்ளையை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். நீயும் இரண்டு விதை வாங்கி ஊன்று, குளிரை அது ஒன்றும் பெரிதாக நினைக்காது, ஆனால் வெயில் விழுகிற இடமாகப் பார், பூ வாட ஆரம்பித்ததும் கிள்ளி எடுத்துவிடு, கிள்ளக் கிள்ளத்தான் அடுத்தது வரும். நீங்கள் இரண்டு பேரும் எல்லா நலமும் பெற்று நீண்டகாலம் நன்றாக இருக்க வேண்டும்.

ஊரில் இருக்கிற அப்பாக்கள் எல்லோரும் கவலைப்படாதே என்று எழுதித்தான் கடிதத்தை முடிப்பார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது. என்னைப் பற்றிக் கொஞ்சம் கவலைப்படு அம்மா. தனியாக இருக்கிறாரே, விழுந்துவிடுவாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டே கையெழுத்துப் போடாமல் இரு.

இப்படிக்கு,
உன் தூக்கத்தைக் கெடுக்கிற
அப்பா