அப்பா கழுத்தில் ஏறிய சங்கிலி

அன்புச் செல்லத்துக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று பாதி நம்புகிறேன். சேதியை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன், நீ ஜெயித்துவிட்டாய்.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, தங்க முலாம் பூசிய எவர்சில்வர் நகை விற்கப்போவதாக நீ சொன்ன அன்று அம்மா அழுதது உனக்கு ஃபோனில் பாதிதான் கேட்டிருக்கும். படிக்க வைத்தது தகரம் விற்கவா என்று பெரியம்மா கேட்டதை வைத்துக்கொண்டு என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவள் பயமும் சும்மா இல்லை. முன்பு ஒரு கல்யாணத்துக்கு அவள் ஆசையாகப் போட்டுப்போன கவரிங் சங்கிலி, போட்டோ எடுக்கும் நேரம் பார்த்துக் கழுத்தைப் பச்சையாக்கிவிட்டது, அரிப்பு வேறு, விற்றவனை அவள் திட்டாத நாளில்லை. நாளைக்கு நாலு பேர் உன்னையும் அப்படித் திட்டுவார்களே என்றுதான் நீ அனுப்பிய சங்கிலியைப் பெட்டியோடு பீரோவில் பூட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் எடுத்து என் கழுத்திலேயே போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் மாட்டிவிட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை நீ பார்த்திருக்கிறாய், கொதிக்கும் ஆவி, பிளீச்சிங் நெடி, ஈரப் போர்வைகளை இழுத்துப்போடும்போது ஊற்றுகிற வியர்வை. கதவுக் கீலே அங்கே துருப்பிடித்துப்போகிறது. அங்கே தாக்குப்பிடித்தால் எங்கேயும் தாக்குப்பிடிக்கும் என்பது என் கணக்கு. கூட வேலை செய்கிறவர்கள் பார்த்துவிட்டு மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். வெயில் போய் மழை வந்தும் நிறம் அப்படியே இருந்தது. அதோடு என் கை சும்மா இருக்கவில்லை. அம்மாவிடம் காட்டுமுன் இன்னும் கொஞ்சம் மின்னட்டுமே என்று, மெஷின் மூடியைத் தேய்க்கும் பவுடரை வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறையில் வைத்துக் கொக்கிப் பக்கம் தேய் தேய் என்று தேய்த்துவிட்டேன். அங்கே மட்டும் முலாம் போயே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா குளியலறை வாசலில் வந்து நிற்கிறாள்.

தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேய்ந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள். "முலாம் போன எடத்துலகூட வெள்ளையாத்தானே இருக்கு, பச்சை கட்டலியே" என்றாள். அப்புறம் மெதுவாக, "நல்ல சரக்காப் பாத்துத்தான் எடுத்திருக்கா எம் பொண்ணு" என்றாள். மெல்லிய துணியால் துடைத்துப் போட்டுக்கொண்டவள்தான், குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. நேற்று வந்த பெரியம்மாவின் கண்ணில் படும்படி சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டாள் பார், அந்தக் கண்கொள்ளாக் காட்சிக்கு நீ இல்லையே. போகும்போது பெரியம்மா தனக்கும் தினப்படிக்கு ஒரு தோடு கேட்டாள். உன்னிடம் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, காத்திருக்க வேண்டும் என்று அம்மா கூசாமல் அளந்துவிட்டாள்.

விலை மலிவு என்று பித்தளையில் முலாம் பூசியதை மட்டும் கடைக்குள் சேர்க்காதே, இது அம்மாவின் உத்தரவு. பவுடர் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு வை, அப்பாக்கள் கையில் கொடுக்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள். குனிந்தே உட்கார்ந்து பெட்டி கட்டாதே, முதுகு போய்விடும்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், நீண்ட காலம் நன்றாக இரு. ஒன்றை மறந்துவிடாதே, சங்கிலி அம்மாவிடம் போனதிலிருந்து என் கழுத்து வெறிச்சென்று இருக்கிறது. எனக்கும் ஒன்று அனுப்பு, இந்தத் தடவை சட்டைக்கு வெளியே போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

என்றும் உன்
அப்பா