பந்தல் உயரம்

பெனிட்டா அப்பாவுக்கு,

நேரில் பேசினால் தோட்டத்துக்கு எழுந்து போய்விடுகிறீர்கள். அதனால்தான் தூக்குச்சட்டியோடு இந்தக் கடிதம்.

மார்பை எடுத்த பக்கத்துக் கையைச் சுவரில் விரல் விரலாக ஏற்றிப் பழகச் சொன்னார் டாக்டர். நீங்கள் நம் திராட்சைப் பந்தல் உயரத்துக்குக் கோடு கிழித்தீர்கள். அதற்குள் கொத்து கிள்ள ஆள் வேண்டுமா என்று எரிந்து விழுந்தேன்.

நேற்று உங்கள் அக்கா, "ஒனக்குக் கை எட்டலன்னு ஒரு வரிசப் பந்தல எறக்கிக் கட்டிட்டு, குனிஞ்சே வேல பாக்குறான் ஆத்தா" என்றார்கள்.

பழையபடி ஏற்றிக் கட்டுங்கள். கோட்டுக்கு இன்னும் ஒரு சாண்தான், எட்டிவிடுவேன்.

அக்கா என் தழும்புக்கு எண்ணெய் தடவும்போதெல்லாம் நீங்கள் வெளியே போய்விடுகிறீர்கள். நாளை முதல் அவர்கள் வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன். எண்ணெய்க் கிண்ணம் ஜன்னலில் இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரி