பத்துக்கு எத்தனை

இன்று காலை புதிய படிவங்கள் வந்தன. ஸ்டென்சில் மை இன்னும் காயவில்லை. அந்த வாசனையில் முதலில் உங்கள் கட்டில் நினைவுக்கு வந்தது. பிறகு நீங்கள்.

எங்கள் சிங்கப்பூர் மருத்துவமனையின் ஆன்மிகத் துணைப் பிரிவில் அப்போது நான் புதிது. இனிக் குணமாக வழியில்லாதவர்களின் அருகில் உட்கார்வது, கேட்டால் ஜெபிப்பது, வாரம் ஒருமுறை ஐந்து கேள்விகள் கேட்பது. மனம் நிம்மதியாக இருக்கிறதா? பத்துக்கு எத்தனை?

"பத்து போடு லா," என்பீர்கள். எல்லாவற்றுக்கும் பத்து. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். புக்கிட் பாத்தோக் பேட்டையில் புது அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கிடைத்த மாதமே படுத்தவர். உங்களுக்குப் பத்து. நான் நம்பினேன். பல்கலைக்கழகத்தில் எண்களை நம்பக் கற்றிருந்தேன்.

நான்காவது வாரம் தாதி சொன்னாள், நீங்கள் தூங்குவதே இல்லை என்று. வந்து கேட்டேன்.

"கொறச்சுச் சொன்னா உன் வேலைக்குப் பிரச்சினை வராதா? எங்க டிப்போவுலயும் இன்ஸ்பெக்டர் இப்படித்தான் பேப்பரோட வருவாரு."

"அங்கிள், மார்க் எனக்கு இல்ல. உங்களுக்கு."

"எனக்கா?" சிரித்தீர்கள். இருமினீர்கள். "அப்ப ஒண்ணு போடு."

ஏன் என்று கேட்டேன். காலியான பக்கத்துக் கட்டிலைப் பார்த்தீர்கள்.

"அந்தச் சீனப் பெரியவருக்குத் திரைய இழுத்து மூடுனாங்க. அதுக்கப்புறம் உள்ள யாருமே போகல. தனியாவே போயிட்டாரு. எனக்கும் அப்படித்தானேம்மா?"

படிவத்தில் அதற்குக் கேள்வி இல்லை.

ஒன்று என்று எழுதினேன். மேலதிகாரி பார்த்தார். "மூணு வாரம் பத்து, இப்ப ஒண்ணு. என்ன பண்ணீங்க?"

"கேட்டேன்," என்றேன்.

தாதியிடம் சொன்னேன். அவள் ஓர் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதிக் கட்டிலில் மாட்டினாள்: திரையை மூடினால் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். உங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னீர்கள்.

அடுத்த வாரம் வெகுநேரம் யோசித்தீர்கள்.

"நாலு," என்றீர்கள். "நெசமாத்தான்."

நான் வராத ஒரு நாளில் போய்விட்டீர்கள். தாதி உள்ளேதான் இருந்தாளாம். கையைப் பிடித்துக்கொண்டு.

இப்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். பத்து என்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் நேரம் உட்கார்கிறேன். எவ்வளவோ படிவங்கள் நிரப்பியாயிற்று. அந்த நாலைவிடப் பெரிய எண்ணை இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.