செல்வியின் கூடை
1983 தை, செவ்வாய்

இன்று காப்பிப் பழம் பறிக்கப் போனது நான், செல்வி, பாப்பாத்தி, ராணி, என் தங்கை ரோஸி. செல்வி பிள்ளைத்தாய்ச்சி. அவளால் குனிய முடியாது என்று, அடிக்கிளைப் பழத்தை நாங்களே பறித்து அவள் கூடையில் போட்டு வந்தோம். எங்கள் கூட்டத்தில் யாருக்கு முடியாவிட்டாலும் அப்படித்தான்.

கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் வந்து, கூட்டத்தில் கெட்டிக்காரியைக் கங்காணி ஆக்கப்போவதாகச் சொன்னான். உடனே ரோஸி, "ஏனுங்க, செல்வி கூடையில பாதி எங்க பழமுங்க" என்றாள். செல்வியை அப்போதே வேலையைவிட்டு நிறுத்திவிட்டான்.

"கங்காணியம்மா, எங்க கூடையையும் எட்டிப் பாத்துக்குங்க" என்று ரோஸியைக் குத்தினாள் பாப்பாத்தி.

"நானா போகச் சொன்னேன்? உள்ளதத்தான சொன்னேன்" என்கிறாள் ரோஸி. சீ! இவள் பிள்ளை பெற்று வந்தபோது இவளுக்கும் சேர்த்துப் பறித்தவள் அந்தச் செல்வி.

சாயங்காலம் ரோஸி குழம்பு கொடுத்தனுப்பினாள். நாய்க்கு ஊற்றினேன். ரைட்டர் எவனோ, அவனை விடு. சாகும்வரை நான் மன்னிக்காதவள் என் கூடப்பிறந்த ரோஸி.